தலைக்குப் பின்னால் ஒரு குழாய்

"வேண்டாம்னு சொன்னா, அது இவன் காதுக்குள்ள போறதுக்குள்ள 'செய்'னு மாறிடும்" என்று எல்டன் கிரவுஸைப் பற்றி அவனுடைய அப்பா வால்டர் சொல்வதுண்டு. இண்டியானாவில், மன்சி நகருக்கு வடக்கே சோளமும் பன்றிகளும் வளர்த்தவர் அவர். மகனைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த பேச்சில் பாராட்டுக்கு மிக அருகில் வந்தது அதுதான்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பியபோது எல்டனுக்கு இருபத்து மூன்று வயது. கப்பற்படையில் வெல்டிங் கற்றுக்கொண்டு வந்திருந்தான். வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டான். சுற்றுவட்டாரத்தில் கலப்பை முறிந்தாலும் டிராக்டர் அச்சு உடைந்தாலும் அங்கேதான் வந்து சேரும். அப்படியே இருந்திருந்தால் தேவாலயத்தில் முன் வரிசையில் உட்கார்ந்து தொப்பை வளர்த்திருப்பான். ஆனால் அந்த வருஷத்து மாவட்டப் பொருட்காட்சிக்கு அவன் போனான். காலையில் குதிரைகள் ஓடிய மண் தடத்தில் பிற்பகலில் கார்கள் ஓடின. கூரையும் இல்லை, கதவும் இல்லை. நாலு சக்கரமும் வெளியே துருத்திக்கொண்டு நிற்க, நடுவில் பீப்பாய் போல ஒடுங்கிய உடம்பு. அதற்குள் ஓர் ஆள். அன்று ஓர் ஓட்டுநருக்கு மணிக்கட்டு முறிந்துவிட, வண்டி சும்மா நின்றது. எல்டன் வேலியைத் தாண்டிக் குதித்து வண்டிக்காரரிடம் போனான்.

"இதை நான் ஓட்டறேன்."

"முன்னாடி ஓட்டியிருக்கியா?"

"இல்ல. நீங்க கூடத்தான் ஓட்டினதில்ல. அதுக்காக வண்டி வாங்காம இருந்தீங்களா?"

கடைசியாகத்தான் வந்தான். ஆனால் இறங்கும்போது முகமெல்லாம் மண், பல் மட்டும் வெள்ளை. வீட்டுக்கு அப்படியே போய் நின்றான். வால்டர் மகனை மேலும் கீழும் பார்த்தார்.

"சுத்திச் சுத்திப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்றதுக்கு எதுக்குடா இவ்வளவு சத்தம்?"

"நீங்க உழும்போது மட்டும் சிகாகோவுக்கா போறீங்க, அப்பா?"

அப்பாவும் மகனும் அதற்குப் பிறகு ஒரு மாதம் பேசிக்கொள்ளவில்லை. அடுத்த கோடையில் எல்டன் வாராவாரம் ஓட்டினான். இண்டியானா, ஒஹாயோ, இல்லினாய் என்று மண் தடம் இருக்கிற ஊரெல்லாம் போனான். ஆண்டர்சனில் பேக்கரி வைத்திருந்த சால் மரினெல்லி என்ற இத்தாலியக்காரர் அவனுக்குத் தன் வண்டியைக் கொடுத்தார். வளைவில் மற்றவர்கள் வேகத்தைக் குறைக்கிற இடத்தில் எல்டன் வண்டியைப் பக்கவாட்டில் சரியவிட்டு, தடத்தின் வெளி ஓரத்தில் குவிந்திருக்கும் இளக்கமான மண்ணில் பின்சக்கரத்தை முட்டுக்கொடுத்துப் போவான். பார்க்கிறவர்கள் இருக்கையை விட்டு எழுந்துவிடுவார்கள்.

தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்த மாவிஸை அந்த நாட்களில்தான் மணந்தான். வண்டிகள் நிற்கிற பகுதிக்குள் பெண்கள் வரக்கூடாது, வந்தால் ஆகாது என்பது ஓட்டுநர்களின் நம்பிக்கை. வேர்க்கடலையும் ஆகாது, பச்சை நிறமும் ஆகாது. மாவிஸ் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, உள்ளே இருப்பவர்கள் பார்க்கும்படி வேர்க்கடலை தின்பாள். ஜாடிக்கேற்ற மூடி என்று சால் சொல்வார்.

அவர்களோடு எப்போதும் சேர்ந்திருந்தவன் ஹோயிட் லாம்ப்கின். கென்டக்கிக்காரன். சுருதியே சேராமல் உரக்கப் பாடுவான். ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம் முடிந்தால் மாவிஸின் சமையலறைதான் அவனுக்கு வீடு. மூன்று துண்டு ஆப்பிள் கேக் தின்றுவிட்டு, "சர்க்கரை கொஞ்சம் கம்மி" என்பான்.

ஐம்பத்து மூன்றாம் வருஷம் ஜூலையில், கார்வெல் பொருட்காட்சித் தடத்தில், ஹோயிட்டின் முன்சக்கரம் முன்னால் போன வண்டியின் பின்சக்கரத்தில் ஏறியது. வண்டி ஒரே ஒரு முறை புரண்டது. தலைகீழாக விழுந்து நின்றது. மெதுவாகத்தான் விழுந்தது. மைதானத்தில் யாரும் அலறக்கூட இல்லை. பின்னால் வந்த எல்டன் தன் வண்டியை நிறுத்திவிட்டு ஓடிப்போய் நாலு பேரோடு சேர்ந்து அதைத் தூக்கினான்.

வண்டிக்கு ஒரு கீறல்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறொருவன் அதை ஓட்டினான்.

ஹோயிட்டின் அடக்கம் முடிந்து வந்த அன்று எல்டன் கொட்டகைக்குப் போனான். சாலின் வண்டி அங்கே நின்றது. அதில் ஏறி உட்கார்ந்தான். ஒரு மரப்பலகையை எடுத்து எஞ்சின் மூடியின்மேல் ஒரு முனையையும் வண்டியின் வாலில் மறுமுனையையும் வைக்கப் பார்த்தான். பலகை வைக்க முடியவில்லை. நடுவில் அவன் தலை இடித்தது. அந்த வண்டியிலேயே உயரமான பாகம் அவன் தலைதான். புரண்டால் மொத்த எடையும் முதலில் அங்கேதான் இறங்கும். இவ்வளவு வருஷமாக இதன்மேல் உட்கார்ந்து ஓட்டியிருக்கிறோம், ஒருநாளும் இது கண்ணில் படவில்லையே என்று அவனுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

பழைய கொதிகலனிலிருந்து கழற்றிய தடித்த இரும்புக் குழாய் ஒன்று மூலையில் கிடந்தது. அதைச் சூடாக்கி வில்லாக வளைத்தான். இருக்கைக்குப் பின்னால், தலைக்கவசத்துக்கு மேலே ஒரு சாண் நிற்கும்படி, வண்டியின் சட்டத்தோடு சேர்த்து வெல்டிங் செய்தான். பின்பக்கம் இரண்டு முட்டு கொடுத்தான்.

சால் வந்து பார்த்துவிட்டு நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"என்னடா இது? என் வண்டிக்குக் கைப்பிடி வெச்சிருக்கே?"

"புரண்டா தலை தப்பிக்கும்."

"எடை ஏறும்டா. அதைவிட, ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். சிரிக்கிறதுக்கும் தலை வேணும் இல்ல?"

"நீ பயந்துட்டேன்னு சொல்லுவானுங்க."

"சால், குழாய் வேணாம்னா வேற ஆளைப் பாருங்க. நான் இதோடதான் ஓட்டுவேன்."

சால் வண்டியை இரண்டு முறை சுற்றி வந்தார். பிறகு, "சரி, சிவப்புப் பெயின்டாவது அடி. அசிங்கமா இருக்கு" என்றார்.

அடுத்த பந்தயமும் கார்வெல்லில்தான். வண்டியை லாரியிலிருந்து இறக்கியதும் கூட்டம் சேர்ந்துவிட்டது. "பன்றிக் கொட்டிலுக்குக் கதவு வெக்க மறந்துட்டியே, கிரவுஸ்!" "வெட்டியான் தூக்கறதுக்கு வசதியா பிடி வெச்சிருக்கான்பா!" அந்தக் காலத்தில் ஓட்டுநர்கள் அரைக்கைச் சட்டையோடு ஓட்டினார்கள். எலும்பு முறிந்தால் கட்டுப் போட்டுக்கொண்டு மறுவாரம் வந்து நிற்பார்கள். விபத்தைப் பற்றிப் பேசினாலே ஆண்மைக்குக் குறைச்சல். அப்படிப்பட்டவர்கள் நடுவில் பயத்தை இரும்பில் வார்த்து, சிவப்புப் பெயின்ட் அடித்துக் கொண்டுவந்து நிறுத்திவிட்டான் எல்டன். அவர்களுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

எல்லோரையும்விட அதிகம் சிரித்தவன் பட் ரியர்டன். அந்த வருஷம் அதிகப் பந்தயங்களை ஜெயித்தவன் அவன்தான். எல்டன் தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து, குழந்தைகளுக்குப் போடும் லேஸ் வைத்த குல்லாய் ஒன்றைக் குழாயின் உச்சியில் கட்டிவைத்துவிட்டான். எல்டன் திரும்பி வந்து பார்த்தான். சுற்றி நின்றவர்கள் அவன் அதைப் பிய்த்து எறிவான், அடிதடி நடக்கும் என்று காத்திருந்தார்கள்.

எல்டன் முடிச்சை இழுத்துப் பார்த்தான். "தளர்வா இருக்கு, பட். காத்துல பறந்துடும்" என்று சொல்லி, இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கினான்.

அந்தக் குல்லாயோடு ஓடினான். ஆறாவது இடத்தில் புறப்பட்டவன் பாதிப் பந்தயத்திலேயே பட் ரியர்டனை எட்டிப் பிடித்தான். மூன்றாவது வளைவில் வெளிப்பக்கமாக, வேலிக்கும் பட்டின் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு கை அகலம்தான் இருந்திருக்கும், அதில் நுழைந்து வெளியே வந்தான். மிச்சச் சுற்றெல்லாம் பட் கண்முன்னால் ஆடியது மண்ணேறிப் பழுப்பாகிவிட்ட அந்தக் குல்லாய்தான்.

ஜெயித்தவனிடம் அறிவிப்பாளர் மைக்கை நீட்டினார். "எல்டன், அந்தக் குழாய் எதுக்குன்னு மக்கள் கேக்கறாங்களே!"

"போன பந்தயத்துல ஹோயிட் லாம்ப்கின்கிட்ட இல்லாதது இது" என்றான் எல்டன். "இருந்திருந்தா இந்நேரம் எனக்குப் பின்னாடி ரெண்டாவதா வந்து என்னைத் திட்டிட்டு இருந்திருப்பான்."

அறிவிப்பாளர் மைக்கைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார்.

கால் மணி நேரத்தில் ஃப்ளாய்ட் டிரெக்ஸல் அவனைக் கூப்பிட்டனுப்பினார். கார்வெல் பந்தயங்களை நடத்துகிறவர் அவர். மத்திய மாவட்டப் பந்தய வாரியத்திலும் அவர் சொல்தான் எடுபடும். சுருட்டுப் பிடித்துக்கொண்டே பேசினார்.

"என் தடத்துல ஆள் சாகறாங்கன்னு மைக்ல சொல்லிட்டியே?"

"சாகலையா?"

"குடும்பத்தோட வர்றாங்கய்யா இங்க. அந்தக் குழாயைப் பாத்தா ஆபத்து ஞாபகம் வருது."

"ஹோயிட்டைத் தூக்கிட்டுப் போனப்போ வரலையா, மிஸ்டர் டிரெக்ஸல்?"

டிரெக்ஸல் சுருட்டைக் கீழே வைத்தார். "அறுத்து எடுத்துட்டு வா. இல்லேன்னா வராதே."

"என் கொட்டகையில அறுக்கற வேலை இல்ல. ஒட்டற வேலை மட்டும்தான்."

மறுவாரமே வாரியம் அவனைத் தடை செய்தது. விளையாட்டின் பெயருக்குக் களங்கம் விளைவித்தான் என்று காரணம் சொன்னார்கள். வாரியத்தின் கீழிருந்த எந்தத் தடத்திலும் அவன் நுழையக் கூடாது. சால் வண்டியைத் திருப்பிக் கேட்பார் என்று எல்டன் எதிர்பார்த்தான். சால் ஒரு பை நிறைய ரொட்டியோடு வந்தார். "வாரியம் தடை பண்ணினது உன்னை. என் வண்டியை இல்ல. ஆனா என் வண்டி உன்னைத் தவிர யாரையும் ஏத்திக்காதாம். நான் கேட்டுப் பாத்துட்டேன்" என்றார்.

அந்தக் குளிர்காலத்தில்தான் கார்ல்டன் ஏம்ஸ் வந்தார். பெரிய பணக்காரர். மே மாதம் இண்டியானாபொலிஸில் நடக்கும் ஐந்நூறு மைல் பந்தயத்துக்கு இரண்டு வண்டி வைத்திருந்தார். மண் தடத்தில் ஓட்டுகிற ஒவ்வொருவனும் இரவில் கண்ணை மூடினால் ஓட்டுவது அந்தப் பந்தயத்தைத்தான். எல்டனும் அப்படித்தான். ஏம்ஸ் நீண்ட காரை வெளியே நிறுத்திவிட்டு, சமையலறை மேசையில் மாவிஸ் வைத்த காப்பியைக் குடித்தார்.

"வளைவுல நீ ஓட்டறதைப் பாத்திருக்கேன். என் ரெண்டாவது வண்டி உனக்குத்தான். வாரியத்துல தடையை நீக்கச் சொல்லிப் பேசிட்டேன். நீ ஒண்ணே ஒண்ணு பண்ணணும். ஆத்திரத்துல பேசிட்டேன், அந்தக் குழாய்க்கு அவசியமே இல்லன்னு பத்திரிகைக்காரங்ககிட்ட ரெண்டு வரி சொல்லிடு."

"என் வண்டியில குழாய் இருக்கலாமா?"

"கூடாது. இருக்கும்போது அவசியம் இல்லன்னு எப்படிச் சொல்லுவே?"

ஏம்ஸ் யோசித்துச் சொல்லும்படி கேட்டுக்கொண்டு தொப்பியை எடுத்தார். கார் சத்தம் ஓய்ந்த பிறகு மாவிஸ் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"உனக்கு வேணுமா, எல்டன்? என்னைப் பாத்துச் சொல்லு."

"வேணும். தூக்கம் வராத அளவுக்கு வேணும்."

"அப்போ போ. நான் தடுக்கல. ரெண்டு வரிதானே."

"அந்த ரெண்டு வரியை நாளைக்குப் பேப்பர்ல படிச்சுட்டு எவனாவது ஒரு பையன் குழாய் இல்லாம ஏறுவான், மாவிஸ். அவன் புரண்டா?"

"அதெல்லாம் நீதான் தாங்கணும்னு எவன் சொன்னான்?"

"எவனும் சொல்லல. அதான் கோவமே."

மாவிஸ் காப்பிக் கோப்பைகளை எடுத்துக் கழுவினாள். கழுவிக்கொண்டே, திரும்பாமல், "ஏம்ஸுக்கு நானே ஃபோன் பண்ணிச் சொல்லட்டுமா? நீ சொன்னா திட்டிடுவே" என்றாள். ஆனால் அவனேதான் சொன்னான். திட்டவில்லை.

மே மாதக் கடைசியில் அந்தப் பந்தயம் நடந்தபோது எல்டன் கொட்டகையில் ஒரு விதைப்புக் கருவியைச் சரிசெய்துகொண்டிருந்தான். வானொலியைப் போட்டுவிட்டு முழுப் பந்தயத்தையும் கேட்டான். தனக்கு வரவேண்டிய வண்டி எத்தனையாவதாகப் போகிறது என்று கவனித்துக்கொண்டே இருந்தான். அது ஒன்பதாவதாக வந்தது. 'நான் நாலாவதாக் கொண்டு வந்திருப்பேன்' என்று வாய்விட்டுச் சொன்னான். யாரும் அங்கே இல்லை. கையிலிருந்த சுத்தியலைச் சுவரில் வீசினான். அப்புறம் போய் எடுத்துக்கொண்டு வந்து வேலையைத் தொடர்ந்தான்.

வாரியத்தைச் சேராத தடங்களும் நாட்டில் இருந்தன. அயோவா, நெப்ராஸ்கா, பென்சில்வேனியா என்று எங்கோ கிடந்த ஊர்கள். அங்கே வாரியத்து ஓட்டுநர்கள் திருட்டுத்தனமாகப் பொய்ப்பெயரில் வந்து ஓட்டுவார்கள். மாட்டினால் தடை. எல்டனிடமும் ஓர் அறிவிப்பாளர், "உங்களுக்கு என்ன பேர் போடட்டும்? ஸ்மித்னு போட்டுக்கலாமா?" என்று கேட்டார்.

"வண்டியில எழுதியிருக்கு, பாருங்க. அதையே சத்தமா படிங்க. வாரியத்துக்கும் கேக்கட்டும்."

மாவிஸ் லாரி ஓட்டுவாள், அவன் பக்கத்தில் தூங்குவான். நாள் முழுக்கப் பயணம் செய்து ஒரு பந்தயம், மறுநாள் இன்னொரு ஊர். சில நாள் ஜெயித்தான், சில நாள் எஞ்சின் கைவிட்டது.

ஆகஸ்டில் அயோவாவில் ஓர் ஊர். மழை பெய்து காய்ந்த தடம், உழுத வயல் போல வரிவரியாகப் பள்ளம். 'ஜாக் கிரீன்' என்ற பெயரில் ஒருவன் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு அன்று ஓட்டினான். அவன் ஓட்டுகிற விதத்திலேயே எல்டனுக்குத் தெரிந்துவிட்டது, அது பட் ரியர்டன். இருவரும் முன்னால் முட்டி மோதிக்கொண்டு போனார்கள். இரண்டாவது வளைவில் எல்டனின் வலது சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. வானம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அப்புறம் மண், வானம், மண். பிறகு எல்லாம் நின்றது.

தலைகீழாக, இருக்கை பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தான். வாயெல்லாம் மண். கழுத்தில் ஏதோ சூடாகச் சொட்டியது. கைவிரலை மடக்கிப் பார்த்தான், மடங்கியது. கால் பெருவிரலை அசைத்தான், அசைந்தது. யாரோ ஓடிவந்து மண்டியிட்டுக் குனிந்தார்கள். முகத்துணி கழன்றிருந்தது.

"எல்டன்! டேய்! உயிரோட இருக்கியா?"

"இருக்கேன். முதல்ல வண்டியைத் தூக்குடா, எண்ணெய் கழுத்துல சொட்டுது!"

தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. அவ்வளவுதான். வண்டியை நிமிர்த்தியபோது குழாயின் உச்சி ஒரு விரல் ஆழத்துக்கு அமுங்கியிருந்தது தெரிந்தது. சிவப்புப் பெயின்ட் உரிந்து இரும்பு பளபளத்தது. தூக்குபடுக்கையோடு வந்தவர்களைத் தள்ளிவிட்டு எல்டன் தன் காலால் நடந்தான். நேராக மக்கள் உட்கார்ந்திருந்த பக்கம் போய், நல்ல கையை உயர்த்தி, விரலால் தன் தலையைத் தட்டிக் காட்டினான். பிறகு குழாயைக் காட்டினான். கூட்டம் எழுந்து கத்தியது.

பட் அந்த அமுங்கிய இடத்தையே தடவிக்கொண்டு நின்றான். மாவிஸ் லாரியைக் கொண்டுவந்து நிறுத்தியபோது எல்டனிடம் திரும்பினான்.

"எனக்கும் ஒண்ணு வெச்சுக் குடுப்பியா?"

"உன் பேரு என்ன? ஜாக்கா, பட்டா? பேர் தெரியாத ஆளுக்கு நான் வெல்டிங் பண்றதில்ல."

பட் தலை குனிந்துகொண்டான். "பட்" என்றான்.

தோள் கூடியதும் முதல் குழாய் பட்டின் வண்டிக்கு. அடுத்தது அவனுடைய சிநேகிதனுக்கு. குளிர்காலம் முழுக்கக் கொட்டகைக்கு முன்னால் லாரிகள் வந்து நின்றன. சிலர் இருட்டிய பிறகு வந்தார்கள். "பகல்ல வாங்க. இல்லேன்னா வராதீங்க" என்று எல்டன் அவர்களைத் திருப்பி அனுப்பினான். அவர்கள் மறுநாள் பகலில் வந்தார்கள்.

வசந்தத்தில் கார்வெல்லில் முதல் பந்தயம். பதினோரு வண்டிகளில் குழாய் இருந்தது. டிரெக்ஸல் ஒலிபெருக்கியில் கத்தினார்: குழாய் வைத்த வண்டி ஒன்றுகூடத் தடத்தில் இறங்கக் கூடாது. பதினோரு பேரும் எஞ்சினை அணைத்துவிட்டு, தலைக்கவசத்தைக் கழற்றி, சக்கரங்களின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். பட் ஓர் ஆப்பிளை எடுத்துக் கடித்தான். பலகை இருக்கைகளில் மக்கள் காலால் தட்ட ஆரம்பித்தார்கள். தட்டல் இடிபோல உருண்டது.

எல்டனுக்கு உள்ளே அனுமதி இல்லை. வேலிக்கு வெளியே மாவிஸோடு நின்று கடலை தின்றுகொண்டிருந்தான். டிரெக்ஸல் மூச்சிரைக்க வேலிக்கு வந்தார்.

"நீ சொன்னா கேப்பானுங்க. சொல்லு."

"நானா? நீங்க தடை செஞ்ச ஆளு நான், மிஸ்டர் டிரெக்ஸல். உங்க தடத்துல என் வாய் செல்லாது."

டிரெக்ஸல் முகம் சிவந்து நின்றார். மாவிஸ் கடலைப் பையை வேலி வழியாக நீட்டினாள். "சாப்பிடறீங்களா?"

கொஞ்ச நேரத்தில் எஞ்சின்கள் உறுமின. குழாய்களோடுதான் ஓடினார்கள். அன்று ஒரு வண்டி புரண்டது. ஓட்டியவன் எழுந்து, வண்டியை உதைத்துவிட்டு நொண்டிக்கொண்டே நடந்து போனான்.

எல்டன்மீது இருந்த தடையை நீக்க வாரியத்துக்கு இன்னும் இரண்டு வருஷம் பிடித்தது. அதற்குள் அவனுக்கு முப்பத்து நாலு வயது. முறிந்த தோள் குளிர்காலத்தில் குடையும். இண்டியானாபொலிஸுக்கு யாரும் அவனைக் கூப்பிடவில்லை. அதை அவன் மறைக்கவும் இல்லை. கேட்டால், "ஆமா, போகல. போயிருந்தா நல்லா ஓட்டியிருப்பேன்" என்பான். அதோடு பேச்சை மாற்றிவிடுவான்.

ஒரு நாள் வாரியம் எல்லா வண்டிக்கும் குழாய் கட்டாயம் என்று விதி போட்டது. அந்த வாரம் கார்வெல்லுக்குப் புதுச் சோதனையாளர் ஒருவர் அளவு நாடாவோடு வந்தார். இளைஞர், கழுத்துப்பட்டை கட்டியிருந்தார். எல்டனின் குழாயை அளந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஒரு அங்குலம் குறையுது, சார். விதிப்படி இல்ல. இறங்க முடியாது."

பக்கத்தில் நின்ற பட் சிரித்துச் சிரித்துப் புரையேறி இருமினான். எல்டனுக்கு முதலில் ரத்தம் தலைக்கேறியது. அப்புறம் அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி. உயர்த்திடறேன். ஆனா பிடிச்சுக்க ஆள் இல்ல. நீங்கதான் பிடிக்கணும்."

"நானா?"

"விதி உங்களுது, குழாய் என்னுது. ரெண்டு பேரும் சேர்ந்துதான் பண்ணணும். அந்தக் கழுத்துப்பட்டையைக் கழட்டிடுங்க, தீப்பொறி படும்."

சோதனையாளர் சட்டைக்கையை மடித்துக்கொண்டு குழாயைப் பிடித்தார். எல்டன் வெல்டிங் செய்தான். அன்று அவன் ஏழாவதாக வந்தான். அதற்கு மேலும் மூன்று கோடை ஓட்டி, ஒன்பது பந்தயங்கள் ஜெயித்தான்.

நிறுத்தியது யாரும் சொல்லி அல்ல. செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டாவதாக வந்து இறங்கியவன், தலைக்கவசத்தை நரைத்துப்போன சாலின் கையில் கொடுத்தான்.

"புது ஆளைப் பாருங்க."

"ஏன்டா? இன்னைக்கு நல்லாத்தானே ஓட்டினே?"

"அதனாலதான். யாரும் போகச் சொல்லாத நாளாப் பாத்துப் போறேன்."

வழக்கம்போல மாவிஸ்தான் லாரியை ஓட்டினாள். வழியில் ஒரு சாலையோரக் கடையில் நிறுத்தி, தட்டைவிடப் பெரியதாகப் பொரித்த பன்றி இறைச்சி வைத்த சாண்ட்விச் வாங்கினார்கள். கடைசிச் சுற்றில் அவனை முந்தியவன் உள்பக்கக் கோட்டைத் தாண்டினானா இல்லையா என்று வீடு வருகிறவரைக்கும் சண்டை போட்டார்கள். தாண்டினான் என்பது எல்டனின் கட்சி. மாவிஸ் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.